ஊவாவின் நடைவழிகள் யாருடைய வரலாற்றைச் சொல்கின்றன?

மலையகத்துக்கு வரும் உல்லாசப் பிரயாணிகள் புகையிரதத்தில் வந்திறங்கி, ஒரு நீர்வீழ்ச்சியையும் ஒரு தேயிலைத் தொழிற்சாலையையும் பார்த்துவிட்டு மறுநாளே திரும்பிச் செல்வது நீண்டகால வழக்கம். அண்மைய ஆண்டுகளில் இது மாறி வருகின்றது. நாட்கணக்கில் கால்நடையாகவே மலைநாட்டைப் பார்க்க விரும்புவோர் பெருகி வருகின்றனர். இதற்குப் பிரதான காரணமாக அமைந்திருப்பது 'பீகோ ட்ரெயில்' எனப் பெயரிடப்பட்டுள்ள நெடுந்தூர நடைவழியாகும். கண்டிக்கு அருகே ஹந்தானையில் ஆரம்பித்து நுவரெலியா பீட்று தோட்டத்தில் முடிவடையும் இவ்வழி 300 கிலோமீற்றருக்கும் அதிகமான நீளத்தைக் கொண்டது. 22 கட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளது. ஐரோப்பிய ஒன்றியமும், அக்காலத்தில் இயங்கிவந்த அமெரிக்க சர்வதேச அபிவிருத்தி முகவரகமும் இதற்கு நிதியுதவி வழங்கின.

இந்த நடைவழியின் கணிசமான பகுதி பதுளை மாவட்டத்தினூடாகச் செல்கின்றது. ஹப்புத்தளையில் இருந்து எல்ல வரையான கட்டங்கள், லிப்டன் சீட் என்று அழைக்கப்படும் மலைமுகட்டையும் பூனாகலையை அண்டிய தோட்டங்களையும் தொட்டுச் செல்கின்றன. உலகின் பல பாகங்களில் இருந்தும் வருவோர் இப்பாதைகளில் நடக்கின்றனர், படம் பிடிக்கின்றனர், வியக்கின்றனர். ஆனால் தாம் நடக்கும் பாதையை வெட்டியவர்கள் யார், அதில் முதலில் நடந்தவர்கள் யார், அதன் ஓரத்தில் இன்று வாழ்பவர்கள் எந்நிலையில் இருக்கின்றனர் என்பதை அவர்களுக்கு எடுத்துச்சொல்லும் ஏற்பாடுகள் போதியளவில் இல்லை. இதனை வெறும் உல்லாசப் பயணத்துறையின் விடயமாகக் கருதி ஒதுக்கிவிட முடியாது என்பதே எமது கருத்தாகும். ஒரு பாதையின் கதை எவ்வாறு எழுதப்படுகின்றதோ, அதனைப் பொறுத்தே அப்பாதையில் யாருக்கு உரிமை உண்டு என்பதும் நாளடைவில் தீர்மானிக்கப்பட்டு விடுகின்றது.

தவளம் சென்ற கணவாய்

ஊவாவின் மலைப்பாதைகள் ஆங்கிலேயருடன் ஆரம்பமானவை அல்ல. கோப்பிக்கும் தேயிலைக்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே, கரையோரத்தையும் மலைநாட்டையும் இணைத்த வழிகள் இருந்தன. உப்பு, கருவாடு, துணி முதலியவற்றைப் பொதிமாடுகளில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்து, பாக்கு, மிளகு முதலியவற்றை ஏற்றிக்கொண்டு கரைக்குத் திரும்பிய 'தவளம்' எனும் வணிகம் பெரும்பாலும் முஸ்லிம்களின் கையில் இருந்தது. கண்டி இராச்சியத்தில் இப்போக்குவரத்துக்கென்றே 'மடிகே பத்த' என்ற தனியொரு நிர்வாகப் பிரிவு இயங்கியது. 1817 இல் வெடித்த ஊவா கிளர்ச்சியின் தொடக்கமும், வெல்லஸ்ஸ மடிகேயின் முஹாந்திரமாக ஹாஜி மரிக்கார் என்பவரை ஆங்கிலேயர் நியமித்தமையுடன் தொடர்புபட்டது என்பது வரலாற்று மாணவர்கள் அறிந்ததே. பாதைகளின் மீதான அதிகாரம் அன்றைய அரசியலில் எத்துணை முக்கியத்துவம் பெற்றிருந்தது என்பதற்கு இது ஒரு சான்றாகும்.

தென்திசைத் தாழ்நிலத்தில் இருந்து ஹப்புத்தளை மலைத்தொடருக்கு ஏறும் வழியில் அமைந்துள்ள ஹல்துமுல்லையில், போர்த்துக்கேயருடையதெனக் கருதப்படும் கோட்டையொன்றின் இடிபாடுகள் காணப்படுகின்றன. இக்கணவாயைக் கைக்குள் வைத்திருப்பவர் ஊவாவின் வாசலைக் கைக்குள் வைத்திருப்பவர் ஆவார். 1630 இல் ஊவாவுக்குள் படையெடுத்து வந்து பதுளையைத் தீயிட்ட போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, திரும்பும் வழியில் வெல்லவாயவுக்கு அருகேயுள்ள ரந்தெனிவெலையில் தனது படையுடன் அழிந்தார். இன்று கொழும்பு வீதியால் பண்டாரவளைக்கு வாகனத்தில் செல்வோர், ஒரு காலத்தில் பேரரசுகள் மோதிய வாசலைக் கடக்கின்றோம் என்பதை அறியாமலே கடந்து செல்கின்றனர்.

காலடிகள் வெட்டிய பாதை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலைமை தலைகீழாகியது. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய சட்டம், கிராமத்தவர் சேனைப் பயிர் செய்தும் மாடு மேய்த்தும் வந்த நிலங்களையும் காடுகளையும் அரசுடைமையாக்கிக் கோப்பித் துரைமாருக்கு விற்பதற்கு வழிவகுத்தது. காட்டை அழிக்கவும் பாதை வெட்டவும் தமிழகத்தின் வரண்ட மாவட்டங்களில் இருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள் காடுகளினூடாக மாத்தளை வரை நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டவர்களின் கணக்கு முழுமையாக எழுதப்படவேயில்லை. ஊவாவுக்கு வந்தவர்களோ மாத்தளைக்கு அப்பாலும் மலைகளைத் தாண்டி நடக்க வேண்டியிருந்தது. புகையிரதம் ஹப்புத்தளையை எட்டியது 1893 இல். பண்டாரவளையை அடைந்தது 1894 இல். பதுளைக்கு வந்தது 1924 இல் தான். அதுவரையில் ஊவாவின் தோட்டங்கள் மனிதக் கால்களையும் மாட்டு வண்டிகளையுமே நம்பியிருந்தன.

1869 முதல் பரவிய இலைநோய் கோப்பிச் செய்கையை அழித்தபின், 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் ஆரம்பித்து வைத்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தோமஸ் லிப்டன் 1890 இல் தம்பேத்தன்ன முதலான தோட்டங்களை வாங்கினார். அவர் அமர்ந்து தனது தோட்டங்களைப் பார்வையிட்டதாகக் கூறப்படும் மலைமுகடே இன்று அவரது பெயரால் வழங்குகின்றது. மலையை வளைத்துச் செல்லும் வண்டிப் பாதைகள், கொழுந்துக் கூடையுடன் பெண்கள் மடுவத்துக்கு இறங்கும் குறுக்குப் பாதைகள், பெரட்டுக்களத்தில் இருந்து லயத்துக்கு ஏறும் கற்படிகள் ஆகிய யாவும் அக்காலத்தில் வெட்டப்பட்டவை. இன்றைய நடைவழி இவற்றையே பெரிதும் பயன்படுத்துகின்றது. ஆகவே, புதிதாக வழங்கப்பட்டிருப்பது பெயரும் வழிகாட்டிப் பலகையுமே. பாதை ஏற்கெனவே இருந்தது. அதற்கான உழைப்பு ஏற்கெனவே செலுத்தப்பட்டு விட்டது.

இவ்வுண்மையை மலையக மக்கள் தாமே நடந்து காட்டிய நிகழ்வொன்றும் இங்கு நினைவுகூரத்தக்கது. தமது மூதாதையர் வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு, 2023 ஜூலை 28 ஆம் திகதி தலைமன்னாரில் இருந்து புறப்பட்ட நடைபவனி ஆகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளையைச் சென்றடைந்தது. நூல்களும் மாநாடுகளும் சொல்லிவந்த செய்தியை அந்தப் பதினாறு நாள் நடை நாட்டின் காதில் விழும்படி சொல்லியது எனலாம்.

கண்ணில் படாத இடிபாடுகள்

ஹப்புத்தளையின் மேற்கே, 1931 இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய அடிஷாம் மாளிகை இருக்கின்றது. தற்போது பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடமாக விளங்கும் அதனை ஒட்டிய தங்கமலைக் காடு 1938 இல் சரணாலயமாக்கப்பட்டது. அங்கிருந்து இதல்கஸ்ஹின்ன நோக்கி மலைமுதுகின் மீது செல்லும் காட்டுப்பாதை, கோப்பிக்கு முந்திய மலைக்காடு எவ்வாறு இருந்திருக்கும் என்பதை உணர்த்த வல்லது. கிழக்கே பூனாகலைப் பக்கம் நடந்தால் தேயிலை மலைகள், யூக்கலிப்டஸ் தோப்புகள், ஊவாவுக்கே உரிய பத்தனைப் புல்வெளிகள் என நிலம் மாறி மாறி வருகின்றது.

இவ்வழிகளில் கூர்ந்து நோக்குபவர் வேறு சிலவற்றையும் காண்பார். கூரையிழந்து சுவர் மட்டும் எஞ்சிய பழைய லயங்கள், கைவிடப்பட்ட தொழிற்சாலைகளின் அத்திவாரங்கள், பாசி படர்ந்த பிள்ளைமடுவங்கள், மரத்தடியில் சூலம் மட்டும் நாட்டப்பட்ட மாடசாமி, முனியாண்டி கோயில்கள், தொழிற்சாலை இயந்திரத்துக்குக் காவலாக வணங்கப்பட்ட ரோதைமுனி பீடங்கள் என்பனவே அவை. இவை எந்த அரசருடைய தலைநகரும் அல்ல. எனினும் ஒரு மக்கள் கூட்டத்தின் இருநூறு ஆண்டு வாழ்வுக்கு எஞ்சியிருக்கும் பொருட்சான்றுகள் இவையே.

இவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா என்ற கேள்வி எழுகின்றது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முந்தியவற்றையே இயல்பாகத் தொல்பொருளாகக் கொள்கின்றது. அது கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான திகதியாகும். பெருந்தோட்டங்கள் யாவும் அதற்குப் பிந்தியவை. ஆதலால் மலையக மக்களின் வரலாறு முழுவதுமே சட்டத்தின் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்றுவிடுகின்றது. ஆயினும் வழி அடைக்கப்பட்டு விடவில்லை. 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கட்டடம் ஒன்றை வர்த்தமானி அறிவித்தலின் மூலம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாகப் பிரகடனப்படுத்துவதற்கு அதே சட்டம் இடமளிக்கின்றது. துரைமாரின் பங்களாக்கள் விடுதிகளாக மாறியதால் பிழைத்துக்கொண்டன. பழைமையான ஒரு லயன் வரிசையோ, ஒரு பிள்ளைமடுவமோ அவ்வாறு காப்பாற்றப்படக் கூடாதா?

லயங்களை அகற்றிவிட்டுத் தனி வீடுகள் கட்டித்தருமாறு மக்கள் போராடும் வேளையில், லயத்தைப் பாதுகாக்கச் சொல்வது முரணாகாதா எனச் சிலர் வினவலாம். மனிதர் வாழக்கூடாத இடம் லயம் என்பதில் எமக்கு இருகருத்தில்லை. மக்கள் அனைவரும் காணியுரிமையுடன் வெளியேறிய பின்னர், எதிலிருந்து வெளியேறினர் என்பதை அடுத்த தலைமுறை அறியும் பொருட்டு மாவட்டத்துக்கு ஒன்றேனும் எஞ்சியிருக்க வேண்டும் என்பதே எமது எண்ணம்.

மலை தரும் எச்சரிக்கை

பூனாகலைப் பிரதேசத்தில் நடப்போர் இன்னொரு வகை இடிபாட்டையும் தவிர்த்துவிட முடியாது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் வரிசைகளை மூடியது. புதையுண்டோர் அனைவரது உடல்களும் மீட்கப்படவில்லை. அவ்விடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது என்பதே இத்துயரின் மிகக் கசப்பான பகுதி. 2023 மார்ச் 19 ஆம் திகதி பூனாகலை கபரகலையில் நிகழ்ந்த மண்சரிவினாலும் லயன் குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடு முழுவதும் 600 இற்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது, மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்றாக இருந்தது.

இம்மலைகளில் உறுதியான பாறைக்கு மேல் உக்கித் தளர்ந்த மண் தடிப்பாகப் படிந்துள்ளது. நீடித்த மழையில் அம்மண் நீரை உறிஞ்சிப் பாரமேறுகின்றது. அடியிலே பிடிப்புக் குறைந்ததும் முழுச் சரிவும் வழுக்கி இறங்குகின்றது. ஆழமாக வேர்விட்ட காட்டு மரங்கள் அழிக்கப்பட்டமையும், லயம் அமைப்பதற்காகச் சரிவுகள் வெட்டப்பட்டமையும், முன்னர் ஒழுங்காக நடைபெற்ற காண்வெட்டும் வேலை கைவிடப்பட்டமையும் ஆபத்தை அதிகரிக்கச் செய்கின்றன. நிலத்தில் புதிய வெடிப்புகள், சாயும் மரங்கள், திடீரெனத் தோன்றும் ஊற்று, கலங்கிப் பாயும் நீர் என்பன முன்னறிகுறிகளாகும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மழைக் காலத்தில் இப்பாதைகளில் நடப்பதைத் தவிர்ப்பதே விவேகமானது. எந்த மாதமாயினும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையைப் பார்த்த பின்னரே புறப்பட வேண்டும்.

மழையைக் கண்டதும் நடைப்பயணி தனது விடுதிக்குத் திரும்பிவிடலாம். அதே சரிவின் கீழ் லயத்தில் உறங்குபவர் எங்கே திரும்புவது? இந்த வினாவுக்கு விடை காணாத எந்தச் சுற்றுலாத் திட்டமும் நேர்மையான திட்டமாகாது.

ஓயாவின் வழியே கரை வரை

மலையின் பாதைகளை நோக்கியபின், அதே மாகாணத்தின் தாழ்நிலத்தையும் நோக்குவது பயன்தரும். பூனாகலை ஓயா மலை விளிம்பில் இருந்து 220 மீற்றர் உயரத்தில் தியலும நீர்வீழ்ச்சியாக விழுகின்றது. பின்னர் கூட ஓயாவுடன் சேர்ந்து, கிரிந்தி ஓயாவாகித் தென்கீழ்க் கரையில் கடலை அடைகின்றது. அந்நீர் செல்லும் திசையில்தான் ஊவா மாகாணத்தின் தென்கோடியான கதிர்காமம் அமைந்துள்ளது. அதனை நோக்கிக் கிழக்குக் கரையால் வரும் பாதயாத்திரை வழி, இந்நாட்டின் மிகப் பழைமையான நடைவழிகளுள் ஒன்றாகும்.

யாழ்ப்பாணத்தில் இருந்தும் மட்டக்களப்பில் இருந்தும் புறப்படும் அடியார்கள், அக்கரைப்பற்று, பொத்துவில் முதலிய முஸ்லிம் ஊர்களையும் கடந்து, உகந்தை முருகன் ஆலயத்தில் கூடுகின்றனர். அங்கிருந்து கடற்கரையோரமாகவும் காட்டினூடாகவும் குமண, யால வனங்களைக் கடந்து, குமுக்கன் ஆற்றில் இறங்கி ஏறிக் கதிர்காமம் சேர்கின்றனர். வழியோரமெங்கும் குடும்பிகலை போன்ற புராதன பௌத்த துறவிகளின் குகைகளும் இடிபாடுகளும் உள்ளன. பயணம் முடியும் இடத்திலோ முருகன் சந்நிதியும், கிரி விகாரையும், ஹிழ்ர் நபியின் பெயரால் அமைந்த இடத்துடன் கூடிய பள்ளிவாசலும் ஒரே புனித பூமியில் அயலயலாக நிற்கின்றன. கந்தன் விழாக் காலத்தில் அப்பள்ளிவாசலிலும் கொடியேற்றம் நடைபெறுவது வழக்கம்.

1983 இன் பின்னர் யுத்தம் காரணமாக இவ்வழி தடைப்பட்டது. எனினும் அழிந்துவிடவில்லை. பலகையோ வரைபடமோ இன்றி, முன்னே நடந்தவரின் நினைவைப் பின்னே நடப்பவர் பெற்றுக்கொண்டதனாலேயே அது மீண்டும் உயிர்பெற்றது. நடப்பவர்களே வழிகாட்டிகளாகவும் உரிமையாளர்களாகவும் இருக்கும் பாதைக்கு இதனை விடச் சிறந்த உதாரணம் தேட வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான அனுபவமும் தொலைவில் இல்லை. பலாங்கொடைக்கு அப்பால் கூரகலையில், பிராமிச் சாசனங்களுடன் கூடிய பழைய பௌத்த குகைகளும், அதற்கும் முந்திய வரலாற்றுக்கு முற்பட்ட மனிதரின் எச்சங்களும் இருக்கின்றன. அதே குன்றில், மகான் அப்துல் காதிர் ஜீலானி தங்கியிருந்தார் என்ற மரபின் அடிப்படையில் முஸ்லிம்கள் நீண்டகாலமாக யாத்திரை செய்து வரும் தப்தர் ஜெய்லானியும் உள்ளது. 2013 முதல் அவ்விடம் கடும் சர்ச்சைக்கு உள்ளாகியது. முஸ்லிம்களின் கட்டடங்கள் சில அகற்றப்பட்டன. பின்னர் பெரிய அளவில் பௌத்த தலமாக அது அபிவிருத்தி செய்யப்பட்டது. குகைகளின் தொன்மையை எவரும் மறுக்கவில்லை. ஆனால் பல அடுக்குகளைக் கொண்ட இடமொன்றில் ஓர் அடுக்கை மட்டும் உரத்துச் சொல்லும்போது, ஏனையவை பார்வையாளரின் கண்ணில் இருந்து மறைந்துவிடுகின்றன. தேயிலை மலைப் பாதைகளிலும் லிப்டனும் டெய்லரும் மட்டுமே பேசப்படுவார்களாயின் அதே தவறு வேறு வடிவில் நிகழும்.

செய்ய வேண்டியவை

எமது ஆலோசனைகள் நடைமுறைக்கு அப்பாற்பட்டவை அல்ல. முதலாவதாக, நடைவழியில் நாட்டப்படும் தகவல் பலகைகள் மூன்று மொழிகளிலும் அமைய வேண்டும். தோட்டங்களின் ஆங்கிலப் பெயருடன் மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயரும் பொறிக்கப்பட வேண்டும். தவளம் சென்ற கணவாயும், மன்னாரில் இருந்து நடந்தவர்களின் கதையும், காணி இழந்த சிங்களக் கிராமத்தவரின் கதையும் அவற்றில் இடம்பெற வேண்டும்.

இரண்டாவதாக, தோட்ட இளைஞர் யுவதிகள் வழிகாட்டிகளாகப் பயிற்றப்பட்டு அனுமதிப்பத்திரம் வழங்கப்பட வேண்டும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் வர்த்தமானி மூலம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. இத்தகைய வருமானத்தில் வாழும் குடும்பத்துக்கு, ஒரு நாள் வழிகாட்டலும் ஒரு வேளை உணவு வழங்கலும் சிறிய விடயங்கள் அல்ல. ஆனால் சொந்தக் காணியும் வீடும் இல்லாதவரால் விருந்தினரைத் தங்கவைக்க இயலாது. காணியுரிமைக் கோரிக்கை இங்கும் வந்து நிற்பதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவதாக, நடைவழியால் கிடைக்கும் வருமானத்தில் ஒரு பங்கு, அது செல்லும் தோட்டங்களின் காண்களைச் சீரமைப்பதற்கும் மண்சரிவு எச்சரிக்கை ஏற்பாடுகளுக்கும் ஒதுக்கப்பட வேண்டும். மீரியபெத்தையைக் கடப்போர் அங்கு மாண்டோரை மரியாதையுடன் நினைவுகூரத்தக்க ஏற்பாடும் தேவை. அது படம் பிடிக்கும் காட்சிப்பொருளாகிவிடக் கூடாது.

எமது வாசகர்களுக்கும் ஒரு கடமை உண்டு. வெளிநாட்டார் விமானமேறி வந்து நடக்கும் இப்பாதைகளில் எம்மவர் எத்தனை பேர் தமது பிள்ளைகளுடன் நடந்துள்ளனர்? பண்டாரவளையிலும் வெலிமடையிலும் பதுளையிலும் உள்ள தமிழ், முஸ்லிம் பாடசாலைகள், வரலாற்றுப் பாடத்தின் ஓர் அங்கமாக, வரண்ட மாதங்களில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம். மாணவர்கள் முதியோரிடம் மலைகளின் பெயர்களையும், பாழடைந்த லயங்களில் வாழ்ந்தோரின் விபரங்களையும், தவள மாடுகள் தங்கிய இடங்களையும் கேட்டு எழுதி வரட்டும். அவற்றை அறிந்த தலைமுறை வயது முதிர்ந்து விட்டது. இப்போது எழுதப்படாதவை இனி ஒருபோதும் எழுதப்படாமலே போகலாம். பாதைக்குப் பலகை நாட்டுபவர்கள் எம்மிடம் தகவல் கேட்டு வரும் நாளில், கொடுப்பதற்கு எம்மிடம் ஏடு இருக்க வேண்டும்.